அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கி என்ன செய்யும்? கான்கரரின் 19 வருடங்கள்

எச்.எம்.எஸ். கான்கரர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் 1971 நவம்பரில் கடற்படையில் சேர்ந்து 1990 ஆகஸ்டில் ஓய்வு பெற்றது. கிட்டத்தட்ட 19 வருடப் பணி. அதில் வெளியுலகத்துக்கு விவரமாகத் தெரியவந்தது 1982-ஆம் வருடத்தின் சில மாதங்கள் மட்டும்தான். மற்ற வருடங்களில் எந்தக் கடலில் இருந்தது, எந்தக் கப்பலுக்குப் பின்னால் எத்தனை நாள் போனது என்பதெல்லாம் பெரும்பாலும் கோப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வகைக் கப்பல்களுக்கு இது சாதாரணம். ஆனால் அந்தச் சில மாதங்களைக் கவனமாகப் பார்த்தாலே போதும், அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கி என்றால் என்ன, அதனால் எது முடியும், எது முடியாது என்று நன்றாகவே புரிந்துவிடும்.

முதலில் பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே 'அணுசக்தி' என்பது எஞ்சினைப் பற்றியது, குண்டைப் பற்றியது இல்லை. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகளில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று, அணு ஆயுதம் தாங்கிய நீண்டதூர ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் ஒளிந்திருப்பது. இந்தியாவின் அரிஹந்த் அந்த வகை. யார் கண்ணிலும் படாமல் இருப்பதே அதன் முழு வேலை. இன்னொன்று தாக்குதல் நீர்மூழ்கி. இது தேடிப் போகிற வகை: எதிரிக் கப்பலைத் தேடும், எதிரி நீர்மூழ்கியைத் தேடும், பின்தொடரும், ஒட்டுக் கேட்கும், ரகசியப் படைவீரர்களைக் கரைக்கு அருகே கொண்டுபோய் விடும், உத்தரவு வந்தால் மூழ்கடிக்கும். கான்கரர் இந்த இரண்டாவது வகை. பர்கன்ஹெட்டில் காமெல் லேர்ட் தளத்தில் கட்டி 1969-இல் கடலில் இறக்கினார்கள். நீளம் 87 மீட்டர் அளவுக்கு, மூழ்கிய நிலையில் எடை சுமார் 4,900 டன், ஆட்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் மேல், முன்பக்கம் ஆறு டார்ப்பிடோக் குழாய்கள் (டார்ப்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதம்). சர்ச்சில், கரேஜஸ் என்று இதே வகையில் இன்னும் இரண்டு கப்பல்கள் இருந்தன.

சரி, எஞ்சினுக்கு ஏன் அணு? டீசல் நீர்மூழ்கியின் கஷ்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். டீசல் எஞ்சின் ஓட காற்று வேண்டும், கடலுக்கடியில் காற்று கிடையாது. அதனால் தண்ணீருக்குள் அது பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீரத் தீர மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்து, காற்றுக்குழாயை வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி, சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில்தான் ரேடாரிலோ விமானத்தின் கண்ணிலோ மாட்டும். மெதுவாகப் போனால் பேட்டரி சில நாள் தாங்கும், முழு வேகத்தில் போனால் சில மணி நேரத்தில் காலி. அதாவது டீசல் நீர்மூழ்கியால் ஒளிந்திருக்கவும் முடியும், வேகமாகப் போகவும் முடியும், ஆனால் இரண்டையும் சேர்த்து நீண்ட நேரம் செய்ய முடியாது.

அணு உலைக்குக் காற்று தேவையில்லை. யுரேனியம் பிளவுபடும்போது வரும் வெப்பம் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடாதபடி கடும் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள் (குக்கரில் அழுத்தம் ஏற ஏற தண்ணீரின் கொதிநிலை உயருமே, அதே இயற்பியல்தான், அளவு மட்டும் பல மடங்கு). இந்தச் சூடான தண்ணீர் தனிச் சுற்றில் ஓடி, இன்னொரு சுற்றில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கும். ஆவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கப்பலைத் தள்ளும், மின்சாரத்தையும் தரும். மின்சாரம் தாராளமாக இருப்பதால் கடல்நீரிலிருந்து குடிநீரும் தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனும் உள்ளேயே தயாரித்துக்கொள்ளலாம். எரிபொருள் வருடக்கணக்கில் வரும். கடைசியில் இந்தக் கப்பலைக் கரைக்குத் திருப்புவது சாப்பாடுதான். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கான அரிசி, மாவு, டின் உணவுக்குத்தான் உள்ளே இடம் இருக்கும், அப்புறம் ஆட்களின் களைப்பு.

இப்படிப்பட்ட உலையைச் சின்ன உருளைக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. அதனால்தான் கப்பலில் வைப்பதற்கு முன் தரையில் ஒரு மாதிரி உலையைக் கட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பிரிட்டன் அதை ஸ்காட்லாந்தின் வடகோடியில் டூன்ரேயில் செய்தது. அரிஹந்துக்கான மாதிரி உலை ஓடியது நம் கல்பாக்கத்தில்.

இனி 1982-க்கு வருவோம். ஏப்ரல் 2 அன்று, தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆண்டுவந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியது. அர்ஜென்டினாக்காரர்களுக்கு அவை மால்வினாஸ். பிரிட்டனிலிருந்து அந்தத் தீவுகள் ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். பெரிய கப்பல் படையைத் திரட்டி அனுப்பிச் சேர்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஸ்பார்ட்டன், ஸ்ப்ளெண்டிட் என்ற இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகள் அதற்கு முந்தின நாளே தெற்கு நோக்கிக் கிளம்பியாகிவிட்டது. கான்கரர் ஏப்ரல் 4 அன்று ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்திலிருந்து கிளம்பியது, உள்ளே கடற்படையின் சிறப்புப் படகுப் பிரிவு வீரர்களும் இருந்தார்கள். சுமார் இரண்டு வாரத்தில் அதே கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுப் பக்கம் போய்விட்டது. ஏறக்குறைய முழுப் பயணமும் தண்ணீருக்கடியில், எங்கேயும் எரிபொருளுக்காக நிற்காமல். ஒப்பிட்டுப் பார்க்க ஓனிக்ஸ் என்ற டீசல் நீர்மூழ்கியைச் சொல்லலாம்: அது ஏப்ரல் கடைசியில் கிளம்பி மே கடைசியில்தான் போர் நடந்த கடலைத் தொட்டது.

ஏப்ரல் 12 அன்று பிரிட்டன் தீவுகளைச் சுற்றி 200 கடல்மைல் அளவுக்குத் தடைமண்டலம் அறிவித்தது, அதாவது அதற்குள் வரும் அர்ஜென்டினப் போர்க்கப்பல் தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கை. கவனியுங்கள், அந்தத் தேதியில் பிரிட்டனின் விமானந்தாங்கிகள் அங்கே வந்து சேரவே இல்லை. அறிவிப்புக்குப் பின்னால் இருந்த பலம் நீர்மூழ்கி மட்டுமே. எத்தனை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்று அர்ஜென்டினாவுக்குத் தெரியாது. தாக்குதல் நீர்மூழ்கியின் மதிப்பில் பாதி இந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், சுடுவதெல்லாம் அப்புறம்.

ஏப்ரல் கடைசியில் கான்கரருக்குப் புது வேலை வந்தது: தீவுகளுக்குத் தென்மேற்கே ஹெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினக் குரூசரை (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்) கண்டுபிடி. பெல்கிரானோ பழைய கப்பல். 1938-இல் அமெரிக்காவில் கடலில் இறங்கியது, ஃபீனிக்ஸ் என்ற பெயரில் பேர்ல் ஹார்பரில் ஜப்பானியத் தாக்குதலின்போது அங்கேயே நின்று சேதமில்லாமல் தப்பியது, 1951-இல் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டது. கூடவே எக்ஸோசெட் ஏவுகணைகள் வைத்திருந்த இரண்டு நாசகாரிக் கப்பல்கள். கான்கரர் முதலில் அவற்றைப் பார்க்கவில்லை, கேட்டது. நீர்மூழ்கி உலகத்தைக் காதால்தான் அறியும். தண்ணீரில் வெளிச்சம் தூரம் போகாது, ஒலி வெகுதூரம் போகும். சோனார் கருவி முன்னே உட்கார்ந்திருப்பவர், எத்தனை உந்திகள் (புரொபெல்லர்கள்) சுழல்கின்றன, என்ன வகை எஞ்சின் என்பதைச் சத்தத்திலிருந்தே பிரித்துச் சொல்வார்.

மே 1 அன்று பெரிஸ்கோப்பில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஒரு நாளுக்கும் மேலாகப் பின்னாலேயே போனது. பெல்கிரானோ தடைமண்டலத்துக்கு வெளியே இருந்ததால், சுடுவதற்கு விதிகளில் இடமில்லை. இங்கே ஒரு நிர்வாகச் சங்கதியைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் நீர்மூழ்கிகள் அந்தக் கடலில் இருந்த படைத்தளபதி அட்மிரல் சாண்டி வுட்வர்டின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை. லண்டன் பக்கத்தில் நார்த்வுட் தலைமையகம்தான் அவற்றை நடத்தியது. பெல்கிரானோ தெற்கிலிருந்தும் விமானந்தாங்கி வெயின்டிசின்கோ டெ மாயோ வடக்கிலிருந்தும் தன் படையை நெருக்கும் என்று பயந்த வுட்வர்ட், தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தே கான்கரருக்குத் தாக்குதல் உத்தரவு அனுப்பினார். நார்த்வுட் அதை நீர்மூழ்கிக்குப் போகாமல் நிறுத்திவிட்டது, ஆனால் விஷயத்தின் அவசரம் மேலே போய்ச் சேர்ந்தது. மே 2 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சரின் போர் அமைச்சரவை விதியை மாற்ற ஒப்புக்கொண்டது.

உத்தரவு கிடைத்ததா என்றால், அதுவும் உடனே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நீர்மூழ்கியின் பெரிய பலவீனம் இதுதான். ரேடியோ அலை கடல்நீருக்குள் ஆழமாக இறங்காது. நிறைய செய்தி வாங்க வேண்டுமென்றால் மேலே வந்து ஆன்டெனாவை நீட்ட வேண்டும், அல்லது நீளமான ஆன்டெனாக் கம்பியை மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கான்கரரின் ரேடியோ கம்பத்தில் ஏற்கெனவே கோளாறு. முதலில் வந்த செய்தி சிதைந்து வந்தது, திரும்ப வாங்கித்தான் படிக்க முடிந்தது. ஒரு நாட்டின் அமைச்சரவை எடுத்த முடிவு, அலைமோதும் கடலில் பழுதான ஒரு கம்பத்தின் வழியாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

கமாண்டர் கிறிஸ் ரெஃபர்ட்-பிரவுன் அந்தக் கப்பலுக்குத் தலைமையேற்று அதிக நாள் ஆகவில்லை. அவர் நெருங்கிய விதம் தாக்குதல் நீர்மூழ்கியின் பாடப்புத்தகம் மாதிரி. பெரிஸ்கோப் ஆழத்தில் வேகமாகப் போக முடியாது, பெரிஸ்கோப் தண்ணீரைக் கிழிக்கும் வெள்ளைக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மேலே வந்து ஒரு பார்வை பார்ப்பது, திசையும் தூரமும் குறித்துக்கொள்வது, ஆழத்துக்குப் போய் வேகமெடுத்து இழந்த தூரத்தைப் பிடிப்பது, மறுபடி மெதுவாகி மேலே வருவது. பெல்கிரானோ போய்க்கொண்டிருந்தது சுமார் 13 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). கான்கரர் மூழ்கியபடியே 28 நாட் வரை போகக் கூடியது. டீசல் நீர்மூழ்கி இப்படி நாளெல்லாம் துரத்தியிருந்தால் பேட்டரி காலியாகி எங்கேயோ பின்தங்கியிருக்கும். இப்படி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நகர்ந்து நகர்ந்து, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் குரூசரின் இடது பக்கத்தில் வந்து நின்றார்.

கப்பலில் கம்பிவழி இயக்கும் புதிய டைகர்ஃபிஷ் டார்ப்பிடோக்கள் இருந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை. 1920-களில் வடிவமைத்த, நேர்கோட்டில் மட்டுமே ஓடத் தெரிந்த மார்க் 8 டார்ப்பிடோக்களை எடுத்தார். காரணம், அதன் வெடிமருந்து அதிகம், பழைய குரூசரின் தடித்த இரும்பைப் பிளக்கும்; டைகர்ஃபிஷ் சொன்னபடி வேலைசெய்யும் என்று அப்போது நம்ப முடியவில்லை. அணு உலையில் ஓடிய நவீனக் கப்பல், இரண்டாம் உலகப்போரில் புழங்கிய ஆயுதத்தால் சுட்டது. மூன்றை ஏவினார், இரண்டு பட்டன. ஒன்று முன்மூக்கைப் பெயர்த்தது. மற்றொன்று பின்பகுதியில் இறங்கியது. பெரும்பாலான உயிர்கள் அங்கேதான் போயின. இருபது நிமிடம் போல ஆனதும் கேப்டன் எக்டர் போன்ஸோ கப்பலைக் கைவிடச் சொன்னார். துணைக்கப்பல்கள் இருட்டிலும் மோசமான வானிலையிலும் நடந்ததை உடனே அறியவில்லை. தெற்கு அட்லாண்டிக்கின் உறைகுளிரில், ரப்பர் தெப்பங்களில் ஒரு நாளுக்கும் மேல் மிதந்து பலர் மீட்கப்பட்டார்கள். 323 பேர் இறந்தார்கள். அந்தப் போரில் அர்ஜென்டினா இழந்த உயிர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே கப்பலில். இளம் மாலுமிகள் நிறையப் பேர். தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இந்த எண்ணை வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது.

அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று போரில் எதிரிக் கப்பலை டார்ப்பிடோவால் மூழ்கடித்தது அதுவே முதல் முறை. பெல்கிரானோ தடைமண்டலத்துக்கு வெளியே, அதுவும் சுடப்பட்ட நேரத்தில் தீவுகளை விட்டு விலகும் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதால் பிரிட்டனிலேயே பல வருடம் சண்டை நடந்தது. 1983-இல் டயானா கோல்ட் என்ற பெண் பிபிசி நேரலையில் தாட்சரை இதைப் பற்றித் துளைத்தெடுத்தார். இது சம்பந்தமான ஆவணங்களை வெளியே கொடுத்த பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் மீது வழக்குப் போட்டார்கள், 1985-இல் ஜூரி அவரை விடுவித்தது. அதற்கு நடுவில் கான்கரரின் கட்டுப்பாட்டு அறைக் குறிப்பேடே காணாமல்போன விஷயமும் வெளிவந்தது. போன்ஸோவோ பின்னாளில், அது போர்க்குற்றம் இல்லை, போர்ச்செயல்தான் என்றார். கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதைவிட அது என்ன செய்யக்கூடும் என்பதுதான் கடற்போரில் முக்கியம் என்பது ராணுவத் தரப்பின் வாதம். கப்பல் எப்போது வேண்டுமானாலும் திரும்பும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. ஆனால் உண்மையை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருட சந்தேகம் வளர்ந்திருக்காது.

ராணுவக் கணக்கில் என்ன ஆனது என்று பார்த்தால், அர்ஜென்டினாவின் கடற்படை கரையோர ஆழமில்லாத நீருக்குத் திரும்பிவிட்டது. விமானந்தாங்கியும் அதில் அடக்கம். அதன் விமானங்கள் நிலத்திலிருந்து பறந்து வந்தே தாக்க வேண்டியதாயிற்று. அவை பலமாகவே தாக்கின, மே 4 அன்றே ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை எக்ஸோசெட் எரித்தது. ஆனால் விமானங்கள் அவ்வளவு தூரம் வந்து திரும்ப வேண்டியிருந்ததால் இலக்கின் மேல் நிற்க அவற்றுக்குச் சில நிமிடங்களே கிடைத்தன. கடலை ஆள்வது ஒன்று, எதிரியைக் கடலைப் பயன்படுத்தவிடாமல் செய்வது வேறொன்று. தாக்குதல் நீர்மூழ்கி இரண்டாவதைச் செய்யும். தரையிறங்கும் வீரர்களை அதனால் காப்பாற்ற முடியாது, தலைக்கு மேல் வரும் விமானத்தை வீழ்த்த முடியாது, கொடியை நட முடியாது.

மே மாதத்தில் இன்னொரு சம்பவம். மிதக்கவிட்ட ஆன்டெனாக் கம்பி அறுந்து பின்பக்க உந்தியில் சுற்றிக்கொண்டது. கப்பல் ஓடத்தான் செய்தது, ஆனால் சத்தம் போட்டது. சத்தம் போடும் நீர்மூழ்கி நீர்மூழ்கியாக இருந்து பயனில்லை. மேலே வந்து, அலை புரட்டியெடுக்கும் கடலில் ஒரு மாலுமி முக்குளித்து அந்தக் கம்பியை வெட்டியெடுத்தார். எதிரி விமானம் வந்தால் அவரை விட்டுவிட்டு மூழ்க நேரலாம் என்று தெரிந்தே இறங்கினார். பதக்கம் கொடுத்தார்கள். இந்த வகைக் கப்பல்களில் சத்தம் எவ்வளவு பெரிய கவலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அணு உலைக் கப்பலுக்கு இயற்கையாகவே ஒரு சங்கடம் உண்டு: டீசல் நீர்மூழ்கி எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் அரவமே இல்லாமல் கிடக்கலாம், ஆனால் அணு உலையைக் குளிர்விக்கும் பம்புகளை அப்படி நினைத்த நேரத்தில் நிறுத்திவிட முடியாது, டர்பைனும் பல்சக்கரமும் வேறு. அதனால் அந்த இயந்திரங்களை அதிர்வு தாங்கும் மேடைகளில் ஏற்றி, உந்தியின் வடிவத்தை மாற்றி, ஒவ்வொரு டெசிபலாகக் குறைப்பதற்கு ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பொறியாளர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 3 அன்று மண்டையோட்டுக் கறுப்புக்கொடியுடன் கான்கரர் ஃபாஸ்லேனுக்குத் திரும்பியது. கப்பலை மூழ்கடித்துவிட்டு வரும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் முதல் உலகப்போரிலிருந்தே ஏற்றும் கொடி அது. அடுத்த மாதமே சோவியத்துக்கு வடக்கே இருக்கும் பாரன்ட்ஸ் கடலுக்குப் போனது. அந்த வேலை 2012 வரை பொதுமக்களுக்குத் தெரியாது. சோவியத் அணியில் இருந்த போலந்தின் கொடியுடன் போன ஒரு உளவுக் கப்பல், நீர்மூழ்கிகளின் சத்தத்தைப் பிடிப்பதற்காக மைல்கணக்கில் நீளமான சோனார் வடத்தை இழுத்துக்கொண்டு போனது. கான்கரர் அதன் அடியில் பின்புறமாக நெருங்கி, தன் முன்பக்கத்தில் பொருத்தியிருந்த வெட்டுக்கருவியால் அந்த வடத்தை அறுத்துத் திருடிக்கொண்டு வந்துவிட்டது. சுத்தமாக வெட்டினால் சந்தேகம் வரும் என்று, பாறையில் சிக்கி அறுந்தது போலத் தெரியும்படி அந்தக் கருவி கடித்துக் குதறும் விதத்தில் செய்யப்பட்டிருந்தது. இந்தத் தொழில்நுட்பத்தில் சோவியத் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மேற்கு நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேலே போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்குச் சில மீட்டர் கீழே, அதன் வடத்தில் தானே சிக்கிக்கொள்ளாமல், சத்தமும் போடாமல் இதைச் செய்ததை நினைத்தால், பெல்கிரானோவைச் சுட்டதைவிட இது கடினமான கப்பலோட்டம் என்பேன். பனிப்போர்க் காலத்தில் தாக்குதல் நீர்மூழ்கிகளின் அன்றாட வேலையும் இதற்குத்தான் நெருக்கம்: சோவியத் நீர்மூழ்கி துறைமுகத்தைவிட்டு வந்ததும் பின்னால் ஒட்டிக்கொள்வது, அதன் சத்தத்தைப் பதிவுசெய்வது, அடுத்த தடவை அதே கப்பல் வந்தால் சத்தத்தை வைத்தே அடையாளம் காண்பது.

நடுநடுவே வருடக்கணக்கில் பழுதுபார்ப்பு உண்டு. அந்தக் காலத்து உலைகளுக்கு ஆயுளில் இடையிடையே புது எரிபொருள் போட வேண்டும், அதற்குக் கப்பலின் மேல்தோட்டையே வெட்டித் திறக்க வேண்டும். பிரிட்டனின் இன்றைய தாக்குதல் நீர்மூழ்கிகளான ஆஸ்டியூட் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, 25 வருட ஆயுள் முழுவதுக்கும் ஒரே எரிபொருள். எந்த நீர்மூழ்கியின் பணிவரலாற்றையாவது படிக்கும்போது நடுவில் இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே இல்லாமல் இருந்தால், அது ரகசியப் பயணமாக இருக்கும் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் உலர்துறையில் கிடந்திருக்கும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று கான்கரரின் பணி முடிந்தது. சாதாரணக் கப்பலாக இருந்தால் சில மாதத்தில் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இதை அப்படி அனுப்ப முடியாது. எரிபொருளை எடுத்த பிறகும் உலையின் எஃகு பல வருடங்களுக்குக் கதிர்வீச்சு உடையதாகவே இருக்கும். அதனால் பிரிட்டனின் ஓய்வுபெற்ற அணுசக்தி நீர்மூழ்கிகள் டெவன்போர்ட்டிலும் ரோசித்திலும் வரிசையாகக் கட்டிப்போடப்பட்டன. 1980-இலிருந்து ஓய்வு பெற்ற 20 நீர்மூழ்கிகளில் ஒன்றைக்கூட முழுதாக அப்புறப்படுத்தவில்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019-இல் கண்டித்து எழுதியது. முதலாவதாகப் பிரிப்பதற்கு எடுத்துக்கொண்டது ரோசித்தில் இருந்த ஸ்விஃப்ட்ஷூர் என்ற நீர்மூழ்கியை. கான்கரர் போய்ச் சேர்ந்தது டெவன்போர்ட்டுக்கு. இத்தனை கோடி செலவழித்துக் கட்டத் தெரிந்தவர்கள் பிரிப்பதற்கான வழியையும் பணத்தையும் அப்போதே ஒதுக்கியிருக்க வேண்டும். அணுசக்தி நீர்மூழ்கி வாங்கவோ கட்டவோ போகும் எந்த நாட்டிலும், கப்பலின் விலையைக் கேட்கும் அன்றே இந்தச் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.